ஒரு நூல் இறக்கம்: கிளாரினெட்டில் சுருதியை வளைத்து வாசிக்கப் பழகுவது எப்படி

போன மார்கழியில் பாளையங்கோட்டையில் பாடகர் குழுப் பயிற்சி முடிந்து கிளாரினெட்டைக் கழற்றித் துடைத்துக் கொண்டிருந்தேன். ஒரு பையன் வந்து நின்றான். "அண்ணே, ட்யூனர்ல பச்சை லைட்டு எரியத்தான் செய்யுது. ஆனா நான் வாசிச்சா பாட்டு பாட்டாவே இல்லையே, ஏன்?" என்று கேட்டான். ட்யூனர் என்பது சுருதி சேர்ந்தால் பச்சை விளக்கு காட்டுகிற கருவி. அவன் வாசித்ததைக் கேட்டேன். சுரம் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது, ஆனால் நெல்லையப்பர் கோவில் மணிமண்டபத்து இசைத்தூண் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. கல் அப்படித்தான் ஒலிக்க முடியும். மூச்சால் ஊதுகிற கருவிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவனுக்கு ஐந்தாறு வாரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே முழுவதுமாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். கிளாரினெட்டில் சுருதியைக் கீழே இறக்குவது எளிது, மேலே ஏற்றுவது ரொம்பக் கஷ்டம். உதடும் நாக்கும் எவ்வளவு முயன்றாலும் மேலே போக இடம் கொஞ்சம்தான், கீழே போகவோ அரைச் சுரம், ஒரு சுரம், பழகியவர்களுக்கு மேல் ஸ்தாயியில் அதற்கும் மேலேகூட இடம் உண்டு. அதனால் வளைத்து வாசிப்பது என்றாலே கீழே இறங்கி மறுபடி வீட்டுக்கு வருவதுதான். அந்த வீடு உறுதியாக இல்லாமல் வளைக்க ஆரம்பித்தால் கேட்பவருக்கு அது உணர்ச்சியாகத் தெரியாது, சுருதி சேரவில்லை என்றுதான் தெரியும்.

தொடங்கும் முன்

சாதாரண பி ஃபிளாட் கிளாரினெட், இரண்டரை நம்பர் ரீடு (வாயில் வைக்கிற மவுத்பீஸில் கட்டி ஊதுகிற நாணல் பட்டை), ஒரு தம்புரா ஆப், ஒரு கைக்கண்ணாடி போதும். ரீடு ரொம்ப மெலிசாக இருந்தால் சுருதி தானாகவே தொங்கும், வளைப்பது உங்கள் கையில் இருக்காது. ரொம்பத் தடித்தால் வளையவே வளையாது. ஒரே பெட்டியில் இருக்கிற பத்து ரீடும் ஒன்றுபோல இருக்காது என்பதால் நான்கைந்தை ஊதிப் பார்த்து, மெதுவாக வாசிக்கும்போதும் பேசுகிற ரீடாக ஒன்றை இந்தப் பயிற்சிக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

சுருதி வைப்பதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். நான் இங்கே ஒரு கட்டையை வைத்துச் சொல்கிறேன். தம்புரா ஆப்பில் சி வையுங்கள். பி ஃபிளாட் கிளாரினெட்டில் ரெஜிஸ்டர் கீயை (மேல் ஸ்தாயிக்குப் போக இடது பெருவிரலால் அழுத்துகிற சாவி) அழுத்தி, ஆறு விரலும் பெருவிரலும் மூடி ஊதுகிற டி, ட்யூனரில் சி என்று காட்டும். அதுதான் நம் ஸட்ஜம். அங்கிருந்து வலது கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் மத்திமம் வரும்போது இடது கை மூன்று விரலும் பெருவிரலும் மட்டும் மூடியிருக்கும், பஞ்சமத்துக்கு இடது மோதிர விரலும் எழும். இந்த இடங்களை மனதில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

முதல் படி: கருவியைச் சூடாக்குவதும் பேரலை இழுப்பதும்

குழலுக்குள் இருக்கிற காற்று சூடாகச் சூடாகச் சுருதி ஏறும். ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 3 சென்ட் என்று வைத்துக் கொள்ளலாம். அரைச் சுரத்துக்கு 100 சென்ட் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் அளவு புரியும். சித்திரை வெயிலில் கோவில் கொடைத் திருவிழாவில் பந்தலுக்கு வெளியே நின்று வாசிக்கிற கிளாரினெட்டும், மார்கழிப் பனியில் விடிய விடிய வீடு வீடாகக் கேரல் போகிற கிளாரினெட்டும் ஒரே பேரல் (மவுத்பீஸுக்குக் கீழே இருக்கிற குட்டிக் குழாய்) இழுப்பில் சேரவே சேராது. பனிக்காலத்தில் வாசிக்காத நேரம் கருவியைக் கக்கத்தில் இடுக்கி வைத்துக் கொள்ளுங்கள், அவ்வப்போது சத்தமில்லாமல் வெதுவெதுப்பான மூச்சை உள்ளே விடுங்கள்.

ஐந்து நிமிடம் ஊதிய பிறகுதான் பேரலைத் தொட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வரை பேரலில் இழுக்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் நடு இணைப்பிலும் கொஞ்சம் இழுங்கள். பேரலை மட்டுமே இழுத்துக்கொண்டு போனால் குழலின் மேல்பகுதியில் பிறக்கிற சுரங்கள் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கிவிடும், கருவி தனக்குள்ளேயே சண்டை போட ஆரம்பிக்கும்.

இரண்டாம் படி: ஒரு சுரத்தில் நிற்பது

இது அலுப்பான வேலைதான். ஆனால் இதை விட்டுவிட்டு யாரும் மேலே போனதை நான் பார்த்ததில்லை. தம்புராவை ஓடவிட்டு, ட்யூனரை அணைத்துவிட்டு, ஸட்ஜத்தை எட்டு எண்ணிக்கை பிடியுங்கள். அடுத்து பஞ்சமம். தம்புராவின் ஒலிக்கும் உங்கள் ஒலிக்கும் நடுவே ஒரு அலைச்சல் கேட்கும், வாவ் வாவ் என்று. சுருதி சேரச் சேர அந்த அலை மெதுவாகி, சேர்ந்த நொடியில் நின்றுபோகும். காது பிடிக்க வேண்டியது அந்த நிற்பதைத்தான்.

இப்போது அதே சுரத்தை மெல்லத் தொடங்கிப் பலமாக்கி மறுபடி மெல்லியதாக்குங்கள். கிளாரினெட்டின் ஒரு பிடிவாதம் இங்கே தெரியும், பலமாக ஊதினால் சுருதி இறங்கும், மெதுவாக ஊதினால் ஏறும். புல்லாங்குழலுக்கு இது நேர் எதிர். அதனால்தான் ஒரு வரியை உருக்கமாக முடிக்கலாம் என்று மெல்லக் குறைத்துக்கொண்டே வரும்போது கடைசிச் சுரம் மேலே ஏறிப் பிசகுகிறது. குறைக்கும்போது உதட்டின் பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள், ஆனால் வயிற்றிலிருந்து வருகிற மூச்சின் வேகத்தைத் தளர்த்த வேண்டாம். பலமாக்கும்போது நாக்கை உயர்த்தியே வையுங்கள். இந்த ஒரு பயிற்சிக்கு இரண்டு வாரம் கொடுங்கள்.

இன்னொன்று, மேல் ஸ்தாயிக்குப் போவதற்குச் சற்று முன்னால் வருகிற அந்த ஜி, ஏ, பி ஃபிளாட் சுரங்கள் பெரும்பாலான கருவிகளில் கொஞ்சம் ஏறியும் சன்னமாகவும் இருக்கும். அவற்றை வாசிக்கும்போது வலது கையின் இரண்டு மூன்று விரல்களைச் சேர்த்து மூடிப் பாருங்கள். சுருதி ஒரு நூல் இறங்கும், நாதமும் தடிக்கும். எந்த விரல் எவ்வளவு இறக்குகிறது என்பது கருவிக்குக் கருவி மாறும் என்பதால் உங்கள் கருவியின் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: மவுத்பீஸ் மட்டும்

கருவியை மேசையில் வைத்துவிட்டு மவுத்பீஸை மட்டும் ரீடோடு எடுத்துக் கொள்ளுங்கள். ஊதினால் கீச்சென்று ஒரு ஒலி வரும், ட்யூனரில் ஏறத்தாழ சி என்று காட்டும். அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்காது, கதவைச் சாத்திக் கொள்ளுங்கள்.

இப்போது வாய்க்குள் கவனம் வையுங்கள். 'ஈ' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கின் இரு ஓரமும் மேல் கடைவாய்ப் பற்களைத் தொடும், நடு நாக்கு அண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இதுதான் வீடு. அப்புறம் 'ஊ', அப்புறம் 'ஓ'. நாக்கின் பின்பகுதி இறங்கிப் பின்னால் போகிறதா? சூடான டீயை ஒரு மடக்கு வாயில் வாங்கி, விழுங்க முடியாமல் வைத்துக்கொண்டு தவிக்கும்போது நாக்கு குழிந்து பின்வாங்குமே, அதே வடிவம்தான். மவுத்பீஸை ஊதிக்கொண்டே 'ஈ'யிலிருந்து அந்தக் குழிவுக்கு மெதுவாகப் போங்கள். ஒலி சரிந்து இறங்கும். முதல் வாரம் அரைச் சுரம் இறங்கினால் போதும். பிறகு ஏ வரைக்கும், அதற்குப் பிறகு ஜி வரைக்கும் இறக்கி, அதே வழியில் உடையாமல் ஏறி வர வேண்டும். ஏறி வருவதுதான் கடினம்.

கைக்கண்ணாடி இதற்குத்தான். இறக்கும்போது தாடை கீழே போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் போகும். தாடையை இறக்கினாலும் சுருதி இறங்கத்தான் செய்யும், ஆனால் நாதம் சப்பையாகி, ரீடின் பிடி விட்டுப்போய், திரும்பி வரும்போது சுரம் கீச்சிடும். தாடையை அசைத்துப் பழகியவருக்கு அந்தப் பழக்கத்தை விடுவது புதிதாகக் கற்பதைவிட அதிக நாள் பிடிக்கும். நான் பேண்டு செட்டில் வாசித்த நாட்களில் சத்தமாக வாசிப்பதற்கென்றே கடித்துக் கடித்துப் பழகி, அதிலிருந்து வெளியே வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

நான்காம் படி: கருவியில் நாக்கால் இறக்குவது

மேலிருந்து தொடங்குங்கள். பெருவிரலும் ரெஜிஸ்டர் கீயும் மட்டும் அழுத்திய மேல் சி (கிளாரினெட்டில் சொல்கிற பெயர், ட்யூனரின் சி அல்ல), இறக்குவதற்கு ரொம்ப இணங்கி வரும். வழி இதுதான். முதலில் அந்த சி-யை வாசியுங்கள். அடுத்து விரலால் அதற்குக் கீழ் இருக்கிற பி-யை வாசித்துக் காதில் ஏற்றிக் கொள்ளுங்கள். மறுபடி சி விரல் வைத்து, நாக்கைக் குழித்து, காதில் இருக்கிற அந்த பி வரைக்கும் இறக்குங்கள். விரல் பி-யும் நாக்கு பி-யும் ஒன்றாகக் கேட்க வேண்டும். விரல் உண்மையைச் சொல்லும், நாக்கு அதைப் பார்த்துப் பழகிக் கொள்ளும்.

அது வந்த பிறகு ஒவ்வொரு சுரமாகக் கீழே வாருங்கள். பி, ஏ, ஜி என்று இறங்க இறங்க வளைவது குறையும். ரெஜிஸ்டர் கீ இல்லாத கீழ் ஸ்தாயிக்கு வந்தால் நாக்கால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் குறையென்று நினைத்து மனம் விட வேண்டாம், நீண்ட குழலில் நிற்கிற கீழ்ச்சுரம் அவ்வளவு வலுவாகத் தன் இடத்தைப் பிடித்திருக்கிறது, தொண்டையால் அதை அசைக்க முடியாது. அங்கே விரலைத்தான் நம்ப வேண்டும்.

ஐந்தாம் படி: விரலை வழுக்குவது

நம் ஊரில் இதைக் கற்றுக்கொள்ள நாகஸ்வரக்காரர் விரலைப் பார்த்தாலே போதும். அவருடைய குழலில் கீ கிடையாது, வெறும் துளைதான். விரல் நுனியால் பொத்துவதில்லை, விரலின் சதையால் மூடி, துளையைக் கால், அரை, முக்கால் என்று திறந்து திறந்து மூடுகிறார், மிச்சத்தைச் சீவாளியில் (நாகஸ்வரத்தின் ஊதுமுனை) உதடும் மூச்சும் பார்த்துக்கொள்கின்றன. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லும்போது நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தை (1921–1964) நினைக்காமல் இருக்க முடியாது. அவருடைய இசைத்தட்டுப் பதிவு எதையாவது போட்டு, ஒரே ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அவர் போகிற வழியை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். கிளாரினெட்டைக் கச்சேரி மேடையில் நிலைநாட்டி 2008-ல் சங்கீத கலாநிதி விருது பெற்ற ஏ.கே.சி. நடராஜனும் நாகஸ்வரம் கற்றுவிட்டுத்தான் கிளாரினெட்டுக்கு வந்தார்.

கிளாரினெட்டில் சிக்கல் எங்கே என்றால், துளைகளைச் சுற்றி வளையம் இருக்கிறது. விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் வளையம் எழுந்து வேறு ஒரு பேடை (துளையை மூடுகிற மெத்தை) திறந்துவிடும், ஒலி தாவிவிடும். சாதாரண ஆறு வளையக் கருவியில் இடது மோதிர விரலின் துளைக்கு மட்டும் வளையம் கிடையாது. அதனால் அங்கேதான் தொடங்க வேண்டும். நம் கணக்கில் அது மத்திமத்திலிருந்து பஞ்சமம்.

மத்திமத்தைப் பிடியுங்கள். மோதிர விரலை மேலே தூக்காதீர்கள். உள்ளங்கையை நோக்கி இழுங்கள், துளையின் ஒரு ஓரம் பிறை மாதிரி திறக்கட்டும். ஒரு நொடிக்கு ஒரு தட்டு என்ற கணக்கில் எட்டுத் தட்டில் முழுத் துளையும் திறந்து பஞ்சமம் வர வேண்டும், அடுத்த எட்டுத் தட்டில் அதே வழியில் மூடி மத்திமத்துக்கு வர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் ஒலி படக்கென்று தாவும். எல்லோருக்கும் தாவும். அந்த இடத்தில் நாக்கு துணைக்கு வர வேண்டும், விரல் திறக்கத் தொடங்கும்போதே நாக்கைச் சற்றுக் குழித்து, விரல் சுருதியை ஏற்றுகிற வேகத்தை நாக்கு பிடித்து வைக்க, பஞ்சமம் நெருங்க நெருங்க நாக்கு 'ஈ'க்கு வந்து சேர வேண்டும். விரலும் நாக்கும் சேர்ந்து இழுக்கிற இந்தக் கயிறுதான் முழு ரகசியம். 1924-ல் கெர்ஷ்வின் எழுதிய ராப்சடி இன் ப்ளூவின் தொடக்கத்தில் ஒரு கிளாரினெட் கீழிருந்து மேலே வானத்துக்கு வழுக்கிக்கொண்டு போகுமே, அதுவும் இதே கயிறுதான்.

இது வந்த பிறகு வளையம் உள்ள விரல்கள். அங்கே விரலைப் பக்கவாட்டில் உருட்டுங்கள், வளையத்தின் ஒரு ஓரம் அழுந்தியபடியே இருக்க, சதை துளையிலிருந்து விலகட்டும். நடுவிரல்களில் சீக்கிரம் வரும், வலது மோதிர விரலுக்கு நாளாகும்.

ஆறாம் படி: ராகத்துக்குள்

மோகனத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதில் காந்தாரத்தை நிறுத்தி வாசிக்கலாம். தம்புராவோடு அந்தக் காந்தாரத்தை (அந்தர காந்தாரம் என்று பெயர்) பிடித்து, அலைச்சல் நிற்கும் வரைக்கும் நாக்கால் மெல்ல இறக்குங்கள். நின்ற பிறகு ட்யூனரைப் பாருங்கள், 14 சென்ட் அளவுக்குக் குறைவாகக் காட்டும். பையனுடைய பச்சை லைட்டு எரியாது! ட்யூனர் பன்னிரண்டு சுரத்தையும் சம தூரத்தில் வெட்டி வைத்திருக்கிறது, தம்புராவோ ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் அந்தக் காந்தாரத்தைத் தானே பாடிக் கொண்டிருக்கிறது. தம்புரா பாடுவதோடு போய்ச் சேருங்கள். இந்த 14 சென்ட்டைக் காட்டியதும்தான் அவன் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது, ஒரு நிமிடம் ஊதிக்கொண்டே இருந்தான், நிறுத்தவில்லை.

அடுத்து கரகரப்பிரியா. இங்கே வருவது அதற்கு அரைச் சுரம் கீழே இருக்கிற, 'சாதாரண காந்தாரம்' என்று பெயருள்ள சுரம்; அதை நிறுத்தி வாசித்தால் ராகம் வராது, அது மத்திமத்தைத் தொட்டுத் தொட்டு அசைய வேண்டும். நம் விரலமைப்பில் இந்தக் காந்தாரம் என்பது வலது கையில் சுட்டுவிரல் ஒன்று மட்டும் மூடியிருப்பது, அதை எடுத்தால் மத்திமம். ஆக, அந்த ஒரே சுட்டுவிரலை உருட்டி உருட்டித் திறந்து மூடினால் அசைவு வந்துவிடும். ஆனால் விரல் அசைவை மட்டும் நம்பினால் ட்ரில் மாதிரி டுக்கு டுக்கு என்று வெட்டும். அதனால் ஊதுவதற்கு முன்னால் 'ரி க ம' என்று வாயால் பாடுங்கள். எத்தனை முறை அசைகிறது, எங்கே கொஞ்சம் நிற்கிறது, எங்கிருந்து இறங்குகிறது என்று பாடிப் பார்த்துவிட்டு, அதே அசைவைக் கருவியில் தேடுங்கள். பாட வராது என்று கூச்சப்பட வேண்டாம், குரல் எப்படி இருந்தாலும் அசைவு சரியாக இருந்தால் போதும்.

தோடிக்கு அவசரப்படாதீர்கள். அந்தக் காந்தாரத்தின் அசைவு இதைவிட அகலம், மேலே சொன்ன இரண்டும் கையில் நின்ற பிறகு ஒருவரிடம் நேரில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள், எழுத்தில் அதைச் சொல்ல முடியாது.

ஏழாம் படி: எங்கே வளைக்கக் கூடாது

சர்ச் பாடகர் குழுவோடு பாமாலை வாசிக்கும்போது, மேஜர் கார்டில் நடுச்சுரம் உங்களிடம் வந்தால் அதே 14 சென்ட்டை இறக்குங்கள், நான்கு குரலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் கூடவே கீபோர்டு ஓடினால் வேண்டாம். கீபோர்டு இறங்கி வராது, நீங்கள் மட்டும் இறங்கினால் உரசும். ஹார்மோனியத்தோடும் அப்படித்தான். பல்லவியில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற இடத்தில் நேராக வாசித்துவிட்டு, வரிகளுக்கு நடுவே தனியாகக் கிடைக்கிற இடத்தில் மட்டும் வளையுங்கள்.

எவ்வளவு வளைக்கலாம் என்பதற்கு எனக்கு ஒரு கொடையில் பாடம் கிடைத்தது. நையாண்டி மேளத்தோடு கிளாரினெட் வாசிக்க உட்கார்ந்திருந்தேன். புதிதாக வழுக்கல் கைக்கு வந்திருந்த சமயம், ஒரு சுரம் விடாமல் எல்லாவற்றையும் கீழிருந்து இழுத்து இழுத்து வாசித்தேன். தவிலடி நின்றதும் பக்கத்தில் இருந்த பெரியவர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏல தம்பி, எல்லாத்தையும் இழுத்தா எந்தச் சுரத்துலதாம்ல வந்து நிப்பே?" அன்றிலிருந்து ஒரு வரிக்கு ஓரிடம், மிஞ்சினால் இரண்டிடம் என்று வைத்திருக்கிறேன். எந்தச் சொல்லில் பாட்டின் பொருள் இருக்கிறதோ அந்தச் சொல்லின் சுரத்துக்கு முந்தைய சுரத்தில் வளைத்து, அந்தச் சொல்லில் நேராக வந்து நிற்பது பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம்

தம்புராவோடு நிற்கும் சுரம் பத்து நிமிடம். மவுத்பீஸ் மட்டும் ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், உதடு மரத்துவிடும். மேல் சி-யிலிருந்து நாக்கால் இறக்குவது ஐந்து நிமிடம். மோதிர விரல் வழுக்கல் எட்டுத் தட்டு வேகத்தில் பத்து நிமிடம், அது சீரானால் நான்கு தட்டுக்குக் குறையுங்கள். மீதி பத்து நிமிடம் உங்களுக்கு மனதுக்குப் பிடித்த ஒரு பாட்டின் இரண்டு வரி, முதலில் துளிகூட வளைக்காமல் நேராக, பிறகு ஒரே ஓரிடத்தில் மட்டும் வளைத்து. இரண்டையும் போனில் பதிவு செய்து மறுநாள் காலையில் கேளுங்கள், அன்றைக்கே கேட்டால் வாசித்த மயக்கம் போயிருக்காது. உதடு வலித்தால் நிறுத்திவிடுங்கள், வலியோடு ஊதினால் தானாகக் கடிக்க ஆரம்பிப்பீர்கள்.

அந்தப் பையன் இப்போது ட்யூனரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறான். மோதிர விரல் இன்னும் நடுவில் ஓரிடத்தில் தாவுகிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, காலியான பெஞ்சில் உட்கார்ந்து மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்கு இருபது முறையாவது போய்விட்டு வந்திருப்பான், அதில் மூன்று முறை தாவவில்லை.